பென்டிரைவ் இல்லாமல் முப்பது கணினியில் டெபியன் நிறுவுவது

ஒரு கணினியில் லினக்ஸ் போட ஒரு பென்டிரைவ் போதும். ஐந்து கணினி என்றாலும் பொறுமையாகச் செய்து முடித்துவிடலாம். முப்பது கணினி உள்ள ஆய்வகம் என்று வரும்போதுதான் திணறல். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து மொழி எது, விசைப்பலகை எது, ஹார்ட் டிஸ்கை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன என்று அதே கேள்விகளுக்கு அதே பதில்களைத் தட்ட வேண்டும். பத்தாவது கணினிக்கு வரும்போது கவனம் சிதறும். கடைசியில் பார்த்தால் ஒன்றில் நேரம் தப்பாக இருக்கும், இன்னொன்றில் கடவுச்சொல் வேறாக இருக்கும்.

கேள்விகளுக்கான பதில்களை ஒரே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, கணினிகளே நெட்வொர்க் வழியாக வந்து அதை வாங்கிக்கொண்டு தங்களைத் தாங்களே நிறுவிக்கொள்ளும்படி செய்யலாம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பை வைத்து எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் விடைக் கோப்பு முறை இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு முழுமையாக வேலை செய்யத் தொடங்கிவிட்டால், அது யாரையும் எதுவும் கேட்காமல் ஹார்ட் டிஸ்கை அழிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லாக் கணினிகளிலும் நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருந்தது, நிறுவும் சர்வரும் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தது. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, முந்தைய நாள் வரை மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்த கணினிகள் புத்தம் புதிதாக, காலியாக நின்றன. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் மூன்று வார வேலை அதில் போனது. அவள் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் நிறுவுவதைச் சொல்லும் அளவுக்கு, எந்தக் கணினியில் நிறுவலாம் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதையும் சொல்வேன். அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இன்னொரு விஷயம். அமைப்புக் கோப்புகளில் வரும் சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கோடு, சாய்கோடு, புள்ளி எல்லாம் நான் போட்டிருக்கும் இடத்திலேயே வரும்.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது

இது புரிந்தால் பிறகு எங்கே பிசகினாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணினியின் நெட்வொர்க் கார்டுக்குள்ளேயே பிஎக்ஸ்இ என்று ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. இன்டெல் நிறுவனம் வகுத்தது. இன்று எல்லோரும் பின்பற்றும் 2.1 பதிப்பு 1999-இல் வெளியானது. நெட்வொர்க் பூட் என்று தேர்ந்தெடுத்ததும் இந்த பிஎக்ஸ்இ விழித்துக்கொண்டு, "எனக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும், பூட் ஆக ஒரு கோப்பும் வேண்டும், யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். டிஎச்சிபி சர்வர் அதற்குப் பதில் சொல்லும்: "இந்தா உன் ஐபி முகவரி. இந்தச் சர்வரில் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்."

கோப்பை எடுக்க டிஎஃப்டிபி என்ற முறை பயன்படுகிறது. மிக எளிமையானது. கடவுச்சொல் கிடையாது, கோப்புகளின் பட்டியல் கேட்கவும் முடியாது. சாதாரணமாக 512 பைட் அனுப்பும், "வந்துவிட்டது" என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டை அனுப்பும். அந்த எளிமைதான் அதன் பலம். நெட்வொர்க் கார்டின் சின்ன நினைவகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் மெதுவானது என்பதால் பெரிய கோப்புகளை அதன் வழியாக அனுப்பக் கூடாது.

இப்படி வந்து சேரும் முதல் கோப்பு ஒரு பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல். அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையும், நிறுவும் நிரல் (இனி சுருக்கமாக 'நிறுவி') அடங்கிய இனிட்ஆர்டி கோப்பையும் அதே டிஎஃப்டிபி வழியாக இழுத்துக்கொள்ளும். நிறுவி எழுந்ததும், சாதாரண எச்டிடிபி வழியாக விடைக் கோப்பை எடுத்து, அதன்படி மென்பொருள்களை இறக்கி நிறுவும்.

ஆக டிஎச்சிபி, டிஎஃப்டிபி, எச்டிடிபி என்று மூன்று சேவை. எந்த இடத்தில் நின்றது என்று திரையைப் பார்த்தாலே எந்தச் சேவையில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

முதல் படி: தனி நெட்வொர்க்

அலுவலகத்தின் அல்லது கல்லூரியின் பொது நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே ரூட்டரோ வேறு சர்வரோ ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டாவதாக ஒரு டிஎச்சிபி சர்வரைத் தொடங்கினால், யாருக்கு எது பதில் சொல்லும் என்று சொல்லவே முடியாது. பக்கத்து அறையில் இணையம் நின்றுபோகும், காரணம் யாருக்கும் புரியாது.

பழைய கணினி ஒன்றைச் சர்வராக எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு போடுங்கள். ஒன்று இணையத்துக்கு, இன்னொன்று ஆய்வக ஸ்விட்சுக்கு. ஸ்விட்சில் இந்தச் சர்வரும் ஆய்வகக் கணினிகளும் மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்விட்சிலிருந்து வெளியே போகும் வேறு கேபிள் ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதி செய்யுங்கள்.

ஆய்வகப் பக்கக் கார்டுக்கு 192.168.50.1 என்று நிலையான முகவரி கொடுங்கள். சர்வரில் டெபியனை வழக்கம்போலக் கையால் நிறுவிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய கணினி எதுவும் தேவையில்லை.

இரண்டாவது படி: நிறுவிக் கோப்புகள்

டெபியனின் தளத்தில் நெட்பூட் என்ற ஃபோல்டருக்குள் நெட்பூட்.டார்.ஜிஇசட் என்று ஒரு கோப்பு இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பு இல்லை, அது வேறு. இறக்கியதும் அங்கேயே இருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பது கணினிக்குள் போகப் போகிற கோப்பு இது.

சர்வரில் /எஸ்ஆர்வி/டிஎஃப்டிபி என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் இதைப் பிரியுங்கள். டெபியன்-இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரும், பிஎக்ஸ்இலினக்ஸ்.0 என்ற கோப்பும் தெரியும். இந்த ஃபோல்டர் அமைப்பை மாற்றாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று பெயரை மாற்றினாலோ ஒரு படி மேலே நகர்த்தினாலோ யூஇஎஃப்ஐ (புதிய கணினிகளில் பழைய பயாஸுக்குப் பதிலாக வரும் தொடக்க ஏற்பாடு) பூட்லோடர் தன் அமைப்புக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும். அது தேட வேண்டிய இடம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

கோப்புகளை எல்லோரும் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரூட் பயனர் மட்டுமே படிக்கும்படி இருந்தால் டிஎஃப்டிபி அதை அனுப்பாது.

மூன்றாவது படி: டிஎன்எஸ்மாஸ்க்

டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் ஒரே நிரலே செய்துவிடும். அதன் பெயர் டிஎன்எஸ்மாஸ்க். இரண்டுக்கும் தனித்தனி நிரல் வைப்பவர்களும் உண்டு. ஓர் ஆய்வகத்துக்கு இந்த ஒன்றே போதும், அமைப்புக் கோப்பும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

இன்டர்ஃபேஸ்=இஎன்பி2எஸ்0
பைண்ட்-இன்டர்ஃபேசஸ்
டிஎச்சிபி-ரேஞ்ச்=192.168.50.100,192.168.50.200,12எச்
எனேபிள்-டிஎஃப்டிபி
டிஎஃப்டிபி-ரூட்=/எஸ்ஆர்வி/டிஎஃப்டிபி
டிஎச்சிபி-ஹோஸ்ட்ஸ்ஃபைல்=/இடிசி/ஆய்வகப்பட்டியல்
டிஎச்சிபி-மேட்ச்=செட்:யூஇஎஃப்ஐ,ஆப்ஷன்:க்ளையன்ட்-ஆர்ச்,7
டிஎச்சிபி-மேட்ச்=செட்:யூஇஎஃப்ஐ,ஆப்ஷன்:க்ளையன்ட்-ஆர்ச்,9
டிஎச்சிபி-பூட்=டேக்:நிறுவு,டேக்:!யூஇஎஃப்ஐ,பிஎக்ஸ்இலினக்ஸ்.0
டிஎச்சிபி-பூட்=டேக்:நிறுவு,டேக்:யூஇஎஃப்ஐ,டெபியன்-இன்ஸ்டாலர்/ஏஎம்டி64/பூட்நெட்எக்ஸ்64.இஎஃப்ஐ

முதல் வரியில் வருவது ஆய்வகப் பக்கக் கார்டின் பெயர். உங்கள் சர்வரில் வேறு பெயராக இருக்கும், பார்த்து மாற்றுங்கள். இந்த வரியை விட்டுவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் இணையப் பக்கக் கார்டையும் கவனிக்கத் தொடங்கும். 'நிறுவு', 'யூஇஎஃப்ஐ', 'ஆய்வகப்பட்டியல்' என்பவை நாமே வைக்கும் பெயர்கள், ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளலாம்.

7, 9 என்ற எண்கள் எதற்கு? பழைய பயாஸ் கணினிக்கும் புதிய யூஇஎஃப்ஐ கணினிக்கும் வேறு வேறு பூட்லோடர் தேவை. கணினி முகவரி கேட்கும்போதே தான் எந்த வகை என்று ஓர் எண்ணால் சொல்லிவிடும். பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் 7, சில கணினிகளில் 9. அந்த எண்ணைப் பார்த்து நாம் சரியான கோப்பைக் கொடுக்கிறோம். பூட்நெட்எக்ஸ்64 கையொப்பமிடப்பட்ட கோப்பு என்பதால், கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையும் பொதுவாக வராது.

இந்த அமைப்பிலேயே எனக்கு மிகவும் முக்கியமானது 'நிறுவு' என்ற அடையாளம். அது இல்லாத கணினிக்கு ஐபி முகவரி மட்டும் கிடைக்கும், பூட் கோப்பு கிடைக்காது. நெட்வொர்க் பூட் முயன்று பார்த்துவிட்டுத் தன் ஹார்ட் டிஸ்குக்குப் போய்விடும். அடையாளத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஆய்வகப்பட்டியல் என்ற தனிக் கோப்பில் எழுதுகிறோம். கணினிக்கு ஒரு வரி: முதலில் மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்), பிறகு செட்:நிறுவு, கடைசியில் அந்தக் கணினிக்கு நீங்கள் வைக்கும் பெயர். இடையில் காற்புள்ளி. லேப்01, லேப்02 என்று பெயர் வைத்தால் மேசையில் ஒட்டியிருக்கும் எண்ணோடு பொருந்தும்.

இந்தப் பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு. டிஎச்சிபி கொடுக்கும் பெயர், விடைக் கோப்பில் உள்ள பெயரைவிட மேலானது என்பது டெபியன் நிறுவியின் விதி. ஆகவே ஒரே விடைக் கோப்பை வைத்தே முப்பது கணினிக்கும் முப்பது பெயர் வந்துவிடும்.

மேக் முகவரிகளைச் சேகரிப்பது சலிப்பான வேலைதான். நெட்வொர்க் பூட் செய்யும்போது திரையிலேயே தெரியும். டிஎன்எஸ்மாஸ்க் பதிவுகளிலும் வரிசையாக விழும். ஒவ்வொரு கணினியாக இயக்கி, பதிவில் எந்த முகவரி வந்தது என்று பார்த்து எழுதிக்கொண்டே போங்கள். முப்பதையும் ஒன்றாக இயக்கிவிட்டுப் பிறகு எது எதனுடையது என்று தேடாதீர்கள்.

பட்டியலை மாற்றினால் டிஎன்எஸ்மாஸ்கை ரீலோட் செய்தாலே போதும். மேலே உள்ள முதன்மைக் கோப்பை மாற்றினால் மட்டும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நான்காவது படி: விடைக் கோப்பு இல்லாமல் ஒரு முறை

ஆய்வகத்திலேயே பழைய கணினி ஒன்றை, அதற்குள் யாருக்கும் தேவையான எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சோதனைக்கு எடுங்கள். அதன் மேக் முகவரியை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். இயக்கி, பூட் மெனுவில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். பல கணினிகளில் அது எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்.

டெபியனின் மெனு திரையில் வந்தால் பாதிக்கு மேல் முடிந்தது. வராவிட்டால் திரையில் உள்ள எண்ணைப் பாருங்கள். பயாஸ் கணினியில் பிஎக்ஸ்இ-இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. கேபிள், ஸ்விட்ச், டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறதா, கார்டின் பெயர் சரியா என்று பாருங்கள். பிஎக்ஸ்இ-இ53 என்றால் முகவரி வந்துவிட்டது, கோப்பின் பெயர் வரவில்லை. மேக் முகவரியில் ஓர் எழுத்து தவறியிருக்கும், அல்லது அடையாளத்தின் பெயர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பிஎக்ஸ்இ-இ32 என்றால் கோப்பின் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால். யுடிபி 67, 69 இரண்டு போர்ட்டும் ஆய்வகப் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இ51 வந்துகொண்டே இருந்தால் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். மேலாண்மை வசதி உள்ள ஸ்விட்சுகள், ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு) இயங்கும்போது, கேபிளில் உயிர் வந்ததும் உடனே பாதையைத் திறப்பதில்லை. 15 நொடி கவனிக்கும், இன்னொரு 15 நொடி கற்கும். அந்த 30 நொடிக்குள் பிஎக்ஸ்இ கேட்டுக் கேட்டுச் சலித்துவிடும். கணினி இணைந்த போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் இரண்டு நாள் கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மெனு வந்ததும் கையால் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு முறை முழுதாக நிறுவிப் பாருங்கள். நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். ஆனால் எந்தெந்தக் கேள்விகள் எந்த வரிசையில் வருகின்றன என்று இப்போது பார்த்தால்தான் விடைக் கோப்பு எழுதும்போது ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரியும். இணையம் கிடைக்கவில்லை என்று அது நின்றால் அடுத்த படியை முடித்துவிட்டு, அங்கே வரும் மென்பொருள் சேமிப்பின் முகவரியை (192.168.50.1, போர்ட் 3142) ப்ராக்சியாகக் கொடுத்துத் தொடருங்கள்.

ஐந்தாவது படி: மென்பொருள் சேமிப்பு

சர்வரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற நிரலை நிறுவுங்கள். முதல் கணினி கேட்கும் மென்பொருளை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மற்ற 29 கணினிகளும் அதே பிரதியை வாங்கிக்கொள்ளும். இணையம் மெதுவாக உள்ள இடத்தில் இது இல்லாமல் வேலையே ஆகாது. அது 3142 போர்ட்டில் காத்திருக்கும். ஆய்வகக் கணினிகளுக்கு நேரடி இணைய இணைப்பே தேவையில்லாமல் போவது கூடுதல் நன்மை.

விடைக் கோப்பைப் பரிமாற என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி, உங்களுக்குப் பழக்கமான எதையாவது நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: விடைக் கோப்பு

டெபியனில் இதற்கு ப்ரீசீட் என்று பெயர். டெபியன் தளத்தின் நிறுவல் கையேட்டில் முழு மாதிரி ஒன்று இருக்கிறது. அதை இறக்கி, உங்களுக்கு வேண்டியதை மாற்றிக்கொள்வதே நல்லது. வெறும் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு பகுதி: யாருக்கான பதில், எந்தக் கேள்வி, பதிலின் வகை, பதில். வகைக்கும் பதிலுக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் விட வேண்டும். இரண்டு விட்டால் இரண்டாவது இடைவெளியும் பதிலின் பகுதியாகிவிடும்.

மொழிக்கு ஆங்கிலம்-இந்தியா, விசைப்பலகைக்கு யூஎஸ், நேரத்துக்கு ஆசியா/கொல்கத்தா. இலங்கையில் இருப்பவர்கள் ஆசியா/கொழும்பு என்று போடுங்கள். கடிகாரத்தை இணையத்தோடு ஒப்பிடும் வரியை ஃபால்ஸ் என்று வையுங்கள். நம் கணினிகளுக்கு நேரடி இணையம் இல்லாததால் அங்கே வீணாகக் காத்திருக்கும். மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மிரர் பகுதியில், ப்ராக்சி என்ற இடத்தில் 192.168.50.1, போர்ட் 3142 என்ற முகவரியை முழு எச்டிடிபி வடிவில் எழுதுங்கள்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதாதீர்கள். சர்வரில் ஹூஇஸ் என்ற தொகுப்பை நிறுவினால் எம்கேபாஸ்டபிள்யூடி என்ற கட்டளை வரும். அதனிடம் எஸ்எச்ஏ-512 முறையில் கேட்டால் குறியாக்கிய வடிவம் கிடைக்கும், அதை பாஸ்வேர்ட்-க்ரிப்டட் என்று முடியும் வரியில் ஒட்டுங்கள். அப்படிச் செய்தாலும், ஆய்வக நெட்வொர்க்கில் உள்ள யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பை உலாவியில் திறந்து பார்க்க முடியும். எனவே இது தற்காலிகக் கடவுச்சொல்லாக இருக்கட்டும், நிறுவி முடிந்ததும் மாற்றிவிடுங்கள். வேறெங்கும் நீங்கள் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே வைக்கவே வேண்டாம்.

இனி ஹார்ட் டிஸ்க். பார்ட்மேன்-ஆட்டோ/மெத்தட் என்பதற்கு ரெகுலர், ச்சூஸ்_ரெசிபி என்பதற்கு அட்டாமிக். எல்லாம் ஒரே பகுதியில் வந்துவிடும், ஆய்வகத்துக்கு அதுவே வசதி. எந்த டிஸ்க் என்று சொல்லும் பார்ட்மேன்-ஆட்டோ/டிஸ்க் வரியை நான் எழுதுவதில்லை. ஒரே டிஸ்க் உள்ள கணினியில் நிறுவி தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். இரண்டு இருந்தால் நின்று கேட்கும். யாரோ பென்டிரைவைச் செருகி மறந்துவிட்டுப் போயிருந்தாலும் நின்று கேட்கும். அப்படி நிற்பது நல்லதுதான். ஒரே ஆய்வகத்தில் டிஸ்கின் பெயர் சில கணினியில் எஸ்டிஏ, சிலவற்றில் என்விஎம்இ என்று கலந்திருக்கும்போதும் இந்த முறை ஒத்துவரும்.

பார்ட்மேன்/கன்ஃபர்ம் என்ற வரியும், அதோடு வரும் கன்ஃபர்ம்_நோஓவர்ரைட், கன்ஃபர்ம்_ரைட்_நியூ_லேபிள் என்ற வரிகளும்தான் "அழிக்கலாமா?" என்ற கேள்விக்கு நாம் சொல்லும் "ஆம்". இந்த வரிகளை இப்போது எழுதாதீர்கள். மாதிரிக் கோப்பில் இருந்தால் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு முடக்கி வையுங்கள். மற்ற எல்லாம் தானாக ஓடி, டிஸ்கில் எழுதும் முன் மட்டும் நிறுவி நின்று உங்களைக் கேட்கும். சோதனை முடியும் வரை அப்படியே இருக்கட்டும்.

மென்பொருளுக்கு டாஸ்க்செல் வரியில் ஸ்டாண்டர்ட், எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் என்று நான் எழுதுவேன். பழைய கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ இலகுவானது. அடுத்த வரியான பிகேஜிசெல்/இன்க்ளூடில் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர், ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல், ஐபஸ்-எம்17என் மூன்றையும் சேருங்கள். நடுவில் உள்ளது தமிழ் எழுத்துருக்களைக் கொண்டுவரும். கடைசி தொகுப்போடு தமிழ்99 விசைப்பலகையும் வந்துவிடும். மாணவர்கள் முதல் நாளே தமிழில் தட்ட முடியும். தமிழ் மொழி இடைமுகத்தை நிறுவும்போதே கேட்கலாமே என்றால், படமில்லாத, எழுத்து மட்டுமே வரும் திரையில் டெபியன் நிறுவியால் தமிழைக் காட்ட முடியாது. ஆங்கிலத்தில் நிறுவி, பிறகு தமிழைச் சேர்ப்பதுதான் தொல்லையில்லாத வழி.

கடைசியாக லேட்_கமாண்ட். நிறுவல் முடிந்து ரீபூட் ஆவதற்கு முன் ஓடும் கட்டளை. தொலைவிலிருந்து நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவியைக் கணினிக்குள் வைப்பது இங்கேதான். புதிய கணினிக்குள் நடக்க வேண்டிய கட்டளை எதற்கும் முன்னால் இன்-டார்கெட் என்று சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது நிறுவியின் தற்காலிக நினைவகத்தில் நடந்து, ரீபூட்டோடு மறைந்துவிடும். ஒன்றிரண்டு வரிக்கு மேல் போனால், எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்ட்டாகச் சர்வரில் வைத்து, லேட்_கமாண்ட் அதை இறக்கி ஓட்டும்படி செய்யுங்கள்.

எழுதி முடித்ததும் டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் என்ற கட்டளையை -சி விருப்பத்தோடு ஓட்டினால் எழுத்துப் பிழைகளைக் காட்டும். பிறகு கோப்பை ப்ரீசீட்.சிஎஃப்ஜி என்ற பெயரில் வெப் சர்வரில் வைத்து, வேறொரு கணினியின் உலாவியில் திறந்து பாருங்கள்.

ஏழாவது படி: இரண்டையும் இணைப்பது

கர்னலுக்கு விடைக் கோப்பின் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளுக்கு டெபியன்-இன்ஸ்டாலர்/ஏஎம்டி64/க்ரப் ஃபோல்டரில் உள்ள க்ரப்.சிஎஃப்ஜி. பயாஸ் கணினிகளுக்கு பிஎக்ஸ்இலினக்ஸ்.சிஎஃப்ஜி ஃபோல்டரில் உள்ள டிஃபால்ட். இந்த டிஃபால்ட் உண்மையில் வேறொரு கோப்புக்கான இணைப்பு மட்டுமே. அதை நீக்கிவிட்டு அதே பெயரில் ஐந்தாறு வரியில் உங்கள் கோப்பை எழுதுவது எளிது.

இரண்டிலும் கர்னல் வரியின் கடைசியில் இவை வர வேண்டும்:

ஆட்டோ=ட்ரூ ப்ரையாரிட்டி=க்ரிட்டிகல் இன்டர்ஃபேஸ்=ஆட்டோ யூஆர்எல்=எச்டிடிபி://192.168.50.1/ப்ரீசீட்.சிஎஃப்ஜி

ஆட்டோ=ட்ரூ இல்லாவிட்டால் நெட்வொர்க் எழும் முன்பே மொழி எது, விசைப்பலகை எது என்று கேட்டு நின்றுவிடும். விடைக் கோப்பு நெட்வொர்க்கில் அல்லவா இருக்கிறது! அந்தக் கேள்விகளைத் தள்ளிப்போடத்தான் இது.

சோதனைக் கணினியை மறுபடி இயக்குங்கள். அது தானாக ஓடி, டிஸ்கை அழிக்கலாமா என்ற கேள்வியில் வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்பே வேறு கேள்வியில் நின்றால் அந்தக் கேள்விக்கான வரி விடைக் கோப்பில் இல்லை, அல்லது தவறாக இருக்கிறது. ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் பதிவுகள் தெரியும், ஆல்ட்+எஃப்2-இல் கட்டளை வரி கிடைக்கும். "கர்னல் மாட்யூல் எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால் பதற வேண்டாம். நீங்கள் நெட்பூட் கோப்பை இறக்கிய பிறகு டெபியன் புதிய கர்னலை வெளியிட்டிருக்கிறது, அவ்வளவுதான். நெட்பூட் கோப்பைப் புதிதாக இறக்கிப் பிரித்தால் சரியாகும். அதற்கு முன் நீங்கள் திருத்திய இரண்டு மெனுக் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டு இயங்கத் தேவையான சிறு மென்பொருள்) வேண்டும் என்று கேட்கும் கணினிகளும் உண்டு. நெட்பூட் தொகுப்பில் ஃபர்ம்வேர் கிடையாது. டெபியன் தளத்தில் கிடைக்கும் ஃபர்ம்வேர்.சிபிஐஓ.ஜிஇசட் கோப்பை இனிட்ஆர்டி கோப்பின் வாலில் அப்படியே ஒட்டிவிட்டால் போதும், கர்னல் இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளும்.

எட்டாவது படி: முப்பதும்

சோதனைக் கணினி அந்த ஒரே ஒரு கேள்வியோடு தொடக்கம் முதல் முடிவு வரை நிறுவி, ரீபூட் ஆகி, உள்ளே நுழையவும் முடிகிறது என்றால், இப்போது கன்ஃபர்ம் வரிகளின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுங்கள். சோதனைக் கணினியிலேயே இன்னொரு முறை ஓட்டுங்கள். பிறகு ஐந்து கணினி. பிறகு மீதி.

மீதிக்குப் போகும் முன், ஒவ்வொரு மேசையாக நடந்து, "இந்தக் கணினியில் உள்ளது எதுவும் வேண்டாம்தானே?" என்று ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்பே பலகையில் அறிவிப்பு போடச் சொல்லுங்கள். இது தொழில்நுட்ப வேலை இல்லை என்று தோன்றலாம். எனக்கு இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியம்.

கணினிகளின் பயாஸ் அமைப்பில் ஹார்ட் டிஸ்க்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். நிறுவும் நாளில் மட்டும் பூட் மெனு மூலம் ஒரு முறை நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். முப்பது முறை ஒரு பட்டனை அழுத்துவது பெரிய வேலை இல்லை.

ஒவ்வொரு கணினியும் முடிய முடிய ஆய்வகப்பட்டியலில் அதன் வரியில் உள்ள செட்:நிறுவு என்பதை மட்டும் எடுத்துவிட்டு டிஎன்எஸ்மாஸ்கை ரீலோட் செய்யுங்கள். பெயர் அப்படியே இருக்கட்டும். அன்று மாலை கிளம்பும்போது அந்தப் பட்டியலில் 'நிறுவு' என்ற சொல் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. கன்ஃபர்ம் வரிகளுக்கு முன்னால் மறுபடி ஹாஷ் குறி போட்டுவிடுங்கள்.

நிறுவிய கணினிகளில் இன்னொன்று மீதி இருக்கும். விடைக் கோப்பில் கொடுத்த ப்ராக்சி முகவரி /இடிசி/ஆப்ட் ஃபோல்டரில் ஆப்ட்.கான்ஃப் என்ற கோப்பில் பதிந்திருக்கும். சர்வரைத் தொடர்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் அது அப்படியே இருக்கலாம், அப்டேட்களும் சேமிப்பிலிருந்தே வரும். சர்வரை எடுத்துவிட்டு ஆய்வகத்தைப் பொது நெட்வொர்க்கில் இணைக்கப் போகிறீர்கள் என்றால், லேட்_கமாண்ட் வழியாகவே அந்த வரியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் முப்பது கணினியிலும் பாதுகாப்பு அப்டேட் வராமல் நின்றுவிடும், அது நின்றிருப்பது பல மாதம் யாருக்கும் தெரியாது.